மேற்கோளை எண்ணும் வேலை

ஓர் ஆய்வுக்கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணும் வேலை நூலகங்களில் பிறந்தது. எந்த ஆய்வாளரையும் எடைபோடும் நோக்கம் அப்போது கிடையாது. கையிலிருக்கும் பணத்துக்கு எந்த இதழ்களை வாங்குவது என்ற கவலைதான் இருந்தது. 1927-இல் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் குரோஸ் என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் இந்தக் கவலையோடு அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926-ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கட்டுரைகளில் இருந்த 3,633 குறிப்புகளும் எந்தெந்த இதழைச் சுட்டுகின்றன என்று பிரித்து எண்ணினார்கள். சிறிய கல்லூரி எந்த இதழை முதலில் வாங்க வேண்டும் என்பதற்கு வரிசை கிடைத்தது. ஜெர்மன் இதழ்கள் அந்த வரிசையில் மேலே நின்றதால், வேதியியல் மாணவர் ஜெர்மன் வாசிக்கக் கற்க வேண்டும் என்பதும் கூடவே தெரிந்தது.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதனுக்கும் இந்த எண்ணத்தில் பங்கு உண்டு. நூலகப் பணியைப் புள்ளியியல் கொண்டு ஆராய வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் நடந்த மாநாட்டில் அவர் பேசினார். அந்தத் துறைக்கு 'லைப்ராமெட்ரி' என்று பெயரும் வைத்தார். 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்று இன்று வழங்கும் சொல் வந்தது அதற்கு 21 ஆண்டு கழித்து, 1969-இல்.

எண்ணுவதை ஒரு தொழிலாக்கியவர் யூஜீன் கார்ஃபீல்டு. மருத்துவ இலக்கியத்தை எப்படி அட்டவணைப்படுத்துவது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த திட்டமொன்றில் 1950-களின் தொடக்கத்தில் அவர் வேலை பார்த்தார். 1953-இல் வில்லியம் அடேர் என்பவர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அடேர் சட்டப் பதிப்பகம் ஒன்றில் உயர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதலே ஒரு பழக்கம் இருந்ததை அந்தக் கடிதம் எடுத்துச் சொன்னது. ஒரு தீர்ப்பைப் பிற்கால நீதிமன்றங்கள் ஏற்றனவா, மாற்றினவா, தள்ளினவா என்று காட்டும் பட்டியலை இல்லினாய் மாநிலத்தின் ஃபிராங்க் ஷெப்பர்டு வெளியிட்டு வந்தார். தொடக்கத்தில் அது பசை தடவிய துண்டுச் சீட்டாக வந்தது. வழக்கறிஞர் அதைக் கிழித்துத் தம் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில், அந்தத் தீர்ப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வார். பழைய தீர்ப்பைத் திறந்த உடனே அது இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும்.

அறிவியல் கட்டுரைக்கும் இப்படி ஒரு துண்டுச் சீட்டு வேண்டும் என்று கார்ஃபீல்டு 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அந்தக் கட்டுரை வலியுறுத்திய பயன் இன்று பலருக்கு மறந்துபோயிருக்கிறது. தவறான தரவையும் காலாவதியான முடிவையும் ஒருவர் ஆராயாமல் எடுத்தாளாதபடி தடுப்பதே அது. பழைய கட்டுரையை யார் மறுத்திருக்கிறார்கள் என்பது கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே முன்னிருந்து பின்னோக்கிப் போகும் குறிப்புகளைத் திருப்பிப் போட்டுக் காட்ட அவர் விரும்பினார். மதிப்பெண் போடுவது அன்று இதன் முதன்மை நோக்கமாக இல்லை. 613 இதழ்களிலிருந்து எடுத்த 14 லட்சம் மேற்கோள்களோடு, 1961-ஆம் ஆண்டுக்கான 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' 1960-களின் முதல் பாதியில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வெளிவந்தது.

அந்த அச்சுத் தொகுதிகளைப் புரட்டியவர்களுக்கு அதன் பக்கம் எப்படி இருக்கும் என்பது மறக்காது. மெல்லிய தாள், நெருக்கமான பத்திகள், கண்ணைச் சுருக்க வைக்கும் பொடி எழுத்து. 'ராமச்சந்திரன் ஜி.என்.' என்று தேடிப் போனால் அந்தப் பெயருக்குக் கீழே 63 என்று ஆண்டு, மாலிகுலர் பயாலஜி இதழின் சுருக்கப் பெயர், தொகுதி 7, பக்கம் 95 என்று ஒரு வரி நிற்கும். அதன் கீழே அந்த ஆண்டில் அதைக் காட்டியவர்களின் பெயர்கள் வரிசையாக இறங்கும். மற்ற ஆண்டுகளுக்கு மற்றத் தொகுதிகளை எடுக்க வேண்டும். ஒரு பேராசிரியரின் இருபது ஆண்டுக் கணக்கை எடுக்க நூலகர் நாள் கணக்கில் மேசையில் இருக்க வேண்டியிருந்தது.

பக்க எண் 95-ஐ யாராவது 96 என்று தம் கட்டுரையில் தவறாக எழுதியிருந்தால் அச்சுத் தொகுதியில் அது தனி வரியாக நிற்கும். 'ஜி.என்.' என்பதில் 'என்' விட்டுப்போனால் அது வேறோர் ஆளாகவே வேறிடத்தில் நிற்கும். தேர்ந்த கை அந்தச் சிதறல்களையும் தேடிக் கூட்டும். தேராத கை முதல் வரியோடு எழுந்துவிடும். ஒரே ஆளுக்கு இருவர் எடுத்த கணக்கு ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்னொரு குறையும் உண்டு. மேற்கோள் பகுதி முதல் ஆசிரியரின் பெயரில் மட்டுமே அடுக்கப்பட்டிருந்தது. மூன்றாவது பெயராக இருந்த ஆய்வாளரைத் தேடினால் எதுவும் கிடைக்காது. அவருடைய கட்டுரைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முதல் ஆசிரியராகத் தேடிப் போக வேண்டும். வழிகாட்டியின் பெயரைக் கடைசியில் போடும் வழக்கமுள்ள துறைகளில் மூத்த பேராசிரியர்களே இப்படிக் காணாமல் போனார்கள்.

இவ்வளவு சிரமத்திலும் ஒரு நன்மை இருந்தது. எண்ணுகிறவர் கண்ணுக்கு, காட்டியவரின் பெயர் தப்பாமல் பட்டது. பத்து மேற்கோளில் ஆறு அந்த ஆய்வாளரின் ஆய்வகத்துக்குள்ளிருந்தே வந்திருந்தால் எண்ணும்போதே தெரியும். கணினித் திரையில் ஓர் எண்ணாகத் திரண்டு வரும்போது அந்தப் பார்வை போய்விடுகிறது. குறுந்தகடு வந்தது. 1997-இல் அது வெப் ஆஃப் சயின்ஸ் என்று இணையத்துக்கு ஏறியது. 2004-இல் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் சேர்ந்துகொண்டன. மூன்று நாள் வேலை மூன்று நிமிடமாயிற்று. பெயர்ச் சிக்கல் மட்டும் தீரவில்லை.

தமிழ்ப் பெயர்கள் இந்தத் தொழிலுக்குக் கொடுக்கும் தலைவலி தனி. மேலைநாட்டு அட்டவணை குடும்பப் பெயரை அடிப்படையாகக் கொண்டது. தமிழரிடம் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும். எஸ். கார்த்திக் என்பவர் இதழின் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் ஒருமுறை கார்த்திக் என்றும், பாஸ்போர்ட் எடுத்த பிறகு அப்பா பெயரான சுப்பிரமணியன் என்றும் எழுதுவார். கணினிக்கு அவர் இரண்டு ஆள். திருமணமான பெண் ஆய்வாளர் அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறினால், அவருடைய முனைவர் பட்டக் காலக் கட்டுரைகள் முழுவதும் வேறு யாருக்கோ சொந்தமாகிவிடும். மறுபக்கத்தில் ஆர். குமார் என்ற ஒற்றைப் பெயருக்குக் கீழே எத்தனையோ பேரின் கட்டுரைகள் குவிந்து கிடக்கும்.

பெயர்ச் சிக்கலுக்கு எஸ். சந்திரசேகரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிகாகோவில் வாழ்ந்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒருவர். பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகங்களைக் கண்டறிந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர் இன்னொருவர். ஒருவர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். இருவரும் இயற்பியலர்கள், இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள், இருவரும் கட்டுரையில் எழுதியது 'எஸ். சந்திரசேகர்' என்றுதான். முதலாமவரின் 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையும் இரண்டாமவரின் 1977-ஆம் ஆண்டுப் புத்தகமும் ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டவை. துறையை வைத்து வடிகட்டினாலும் இரண்டும் இயற்பியலாகவே நிற்கும். கட்டுரைத் தலைப்பை ஒவ்வொன்றாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. ஆய்வாளருக்குப் பதினாறு இலக்க எண் தரும் ஆர்கிட் முறை 2012-இல் வந்தது. உயிரோடிருந்து, தம் பக்கத்தைத் தாமே சரிபார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. மறைந்தவர்களின் கணக்கைச் சரிசெய்ய இன்றும் மனிதக் கண்தான் வேண்டும்.

தேடும் கருவி எடைபோடும் கருவியாக மாறியதில் இதழுக்குத் தரும் இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண்ணுக்குப் பெரிய பங்குண்டு. அது தோன்றியதும் இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் தேவைக்காகவே. எந்த இதழ்களை அட்டவணையில் சேர்ப்பது என்று கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் 1960-களில் யோசித்தார்கள். மொத்த மேற்கோளை மட்டும் பார்த்தால் ஆயிரக்கணக்கில் கட்டுரை போடும் இதழ்களே மேலே வரும். ஆண்டுக்கு முப்பது கட்டுரை போடும் சிறிய நல்ல இதழ் விடுபட்டுப்போகும். அதனால் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தார்கள். ஓர் இதழ் 2022-இல் 60, 2023-இல் 40 கட்டுரை வெளியிட்டு, அந்த இரண்டாண்டுக் கட்டுரைகளுக்கு 2024-இல் 250 மேற்கோள் வந்திருந்தால் அதன் 2024-ஆம் ஆண்டு எண் 2.5. கணக்கு இவ்வளவுதான். ஆனால் மேலே போடும் எண்ணில் தலையங்கத்துக்கும் வாசகர் கடிதத்துக்கும் வந்த மேற்கோள்கூடச் சேரும். கீழே வகுக்கும் எண்ணில் ஆய்வுக்கட்டுரையும் மதிப்புரைக் கட்டுரையும் மட்டுமே சேரும். எது ஆய்வுக்கட்டுரை, எது தலையங்கம் என்று பிரிப்பதில் ஓர் இதழின் எண் கணிசமாக ஏறி இறங்கும்.

ஒரே ஒரு கட்டுரை இந்த எண்ணை என்ன செய்யும் என்பதற்கு 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற படிகவியல் இதழ் சாட்சி. 2008-ஆம் ஆண்டுக்கு அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2.051. மறு ஆண்டு 49.926. கோட்டிங்கனைச் சேர்ந்த ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தம் படிகக் கட்டமைப்பு மென்பொருளான ஷெல்எக்ஸின் வரலாற்றை 2008-இல் அந்த இதழில் எழுதி, மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையைச் சுட்டலாம் என்று குறிப்பிட்டிருந்தார். உலகெங்கும் படிகக் கட்டமைப்பைத் தீர்த்தவர்கள் சுட்டினார்கள். 2008 அந்த இரண்டாண்டுச் சாளரத்தை விட்டு வெளியேறியதும் எண் பழையபடி இறங்கிவிட்டது. அந்த இரண்டாண்டில் அதே இதழில் வெளியான மற்றக் கட்டுரைகளுக்கு ஒரு மேற்கோள்கூடக் கூடுதலாக வந்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் 'ஐம்பது இம்பாக்ட் ஃபேக்டர் இதழில் வந்த கட்டுரை' என்று அவற்றை எழுதிக்கொள்ள முடியும். நார்வேயின் பெர் செக்லன் 1997-லேயே இதைத் தெளிவாகச் சொன்னார்: ஓர் இதழின் மேற்கோளில் பாதியை அதன் 15 விழுக்காட்டுக் கட்டுரைகளே கொண்டுவருகின்றன. இதழின் சராசரியை வைத்து அதிலுள்ள ஒரு கட்டுரையை அளப்பது தவறு. இதை நேர்முகத் தேர்வுக் குழுக்களுக்கு விளக்கிச் சொல்லாத நூலகர் அரிது. சொன்ன பிறகும் படிவத்தில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கும்.

துறைக்குத் துறை மாறும் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் எண்களை அருகருகே வைப்பதும் இதே வகைத் தவறு. உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லும் ஆலிவர் லோரி குழுவினரின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை. 2014-இல் 'நேச்சர்' இதழ் பட்டியலிட்டபோது அதற்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் இருந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் நூறில்கூட வரவில்லை. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தினம் யாராவது புரதத்தை அளக்கிறார்கள். அளந்தவர் முறையைச் சுட்டியாக வேண்டும். அது தம்முடைய பெரிய கட்டுரை ஒன்றும் இல்லை என்று லோரியே சொல்லியிருக்கிறார். கணிதத்தில் ஒரு கட்டுரையின் அடியில் பதினைந்து குறிப்பு இருந்தால் அதிகம். உயிரியலில் ஐம்பது சாதாரணம். ஊற்று குறைவாக உள்ள இடத்தில் தண்ணீரும் குறைவாகத்தான் சேரும். கணிதப் பேராசிரியரையும் உயிரியல் பேராசிரியரையும் ஒரே அட்டவணையில் மேலும் கீழுமாக வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எச்-இண்டெக்ஸ் வந்த வேகம் வியக்க வைத்தது. சான் டியேகோவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் அதை 2005-இல் முன்வைத்தார். ஒருவருக்குக் குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் அவருடைய எண் 20. ஒற்றைக் கட்டுரையால் உயர்ந்தவரையும், யாரும் படிக்காத கட்டுரைகளைக் குவித்தவரையும் இது ஒரே நேரத்தில் கட்டுப்படுத்துகிறது என்பது அதன் கவர்ச்சி. எட்வர்டு விட்டனுக்கு 110 என்று அந்தக் கட்டுரையில் இருந்தது. நல்ல எண்தான். ஆனால் அது வயதோடு ஏறும், ஒருபோதும் இறங்காது, ஓய்வு பெற்ற பிறகும் வளரும். தலா ஆயிரம் மேற்கோள் பெற்ற ஐந்தே கட்டுரை எழுதியவருக்கு எண் 5. நூறு பேர் கையெழுத்திட்ட கட்டுரையில் எண்பதாவது பெயராக இருந்தவருக்கும் முழுப் பங்கு. கேட்கும் தளத்தைப் பொறுத்தும் எண் மாறும். வெப் ஆஃப் சயின்ஸில் 12 என்று இருப்பவர் ஸ்கோபஸில் 15, கூகுள் ஸ்காலரில் 22 என்று இருப்பது அன்றாடக் காட்சி. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டு அறிக்கை, முன்வரைவு எல்லாவற்றையும் அள்ளுகிறது. விண்ணப்பத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று எழுதாத எச்-இண்டெக்ஸுக்கு மதிப்பில்லை.

எல்லாவற்றையும் அள்ளும் வலையில் என்னவெல்லாம் விழும் என்பதை 2010-இல் கிரனோபிளின் சிரில் லாபே செய்து காட்டினார். கணினி தானாகப் பின்னிய, பொருளற்ற கட்டுரைகள் நூறு அளவில் தயாரித்து, ஒன்றையொன்று சுட்டச் செய்து இணையத்தில் வைத்தார். எல்லாவற்றுக்கும் ஆசிரியர் ஐக் ஆன்ட்கேர் என்ற, உலகத்தில் இல்லாத ஆள். சில மாதங்களில் அந்த ஆளின் எச்-இண்டெக்ஸ் 94 ஆயிற்று. ஐன்ஸ்டைனுக்கு அந்தக் கணக்கில் கீழிடம்.

இன்னொரு இல்லாத பொருளின் கதையை லைடன் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் குரூனன்பெர்க் கண்டுபிடித்தார். அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி 2000-இல் மூன்று பேர் எழுதியதாக ஒரு கட்டுரை பல இடங்களில் சுட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டுரை எங்கும் இல்லை. அது வந்ததாகச் சொல்லப்பட்ட இதழும் இல்லை. தேடிப் போனபோது, குறிப்புகளை எந்த வடிவில் எழுத வேண்டும் என்று ஆசிரியர்களுக்குக் காட்ட ஒரு பெரிய பதிப்பகம் தன் மாதிரிப் படிவத்தில் போட்டிருந்த கற்பனைக் குறிப்பு அது என்று தெரிந்தது. கட்டுரை எழுதியவர்கள் மாதிரியை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 400 மேற்கோள்கள். இதில் ஏமாற்றுவதற்கு எதுவும் இல்லை. யாருக்கும் லாபமும் இல்லை. எழுதியவர், மதிப்பிட்டவர், பதிப்பித்தவர் மூவருமே குறிப்புப் பட்டியலைப் படிக்காமல் கடந்துபோயிருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. அந்தப் பட்டியலைத்தான் உலகம் எண்ணிக்கொண்டிருக்கிறது.

லாபத்துக்காக நடப்பவை வேறு. கட்டுரையை ஏற்கும் முன் 'எங்கள் இதழிலிருந்து சில மேற்கோள் சேருங்கள்' என்று ஆசிரியர் குழு கேட்பது அதில் ஒன்று. எதைச் சேர்க்க வேண்டும் என்று கூடச் சொல்வதில்லை. எண்ணிக்கை சேர்ந்தால் போதும். வில்ஹைட், ஃபாங் என்ற இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்த ஆய்வாளர்களில் ஐந்தில் ஒருவர் இப்படிக் கேட்கப்பட்டதாகச் சொன்னார்கள். தன் இதழையே சுட்டினால் எளிதில் பிடிபடும் என்பதால் இதழ்கள் கூட்டுச் சேர்ந்து ஒன்றை ஒன்று சுட்டுவது அடுத்த படி. 2013-இல் பிரேசிலின் நான்கு இதழ்கள் இதற்காகவே இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டன. அந்த நாட்டில் முதுகலைத் துறைகளின் தரம், அங்குள்ளவர்கள் எந்த எண்ணுள்ள இதழில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து நிர்ணயிக்கப்பட்டது. உள்நாட்டு இதழ்களின் எண் தாழ்வாக இருந்ததால் நல்ல கட்டுரைகள் வெளியே போயின. இதழாசிரியர்கள் தங்கள் இதழைக் காப்பாற்ற இந்த வழிக்கு வந்தார்கள். செய்தது தவறு. ஆனால் அந்த நெருக்கடியை உண்டாக்கிய விதியையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் நடந்தது விளங்காது.

இந்தியாவிலும் விதிதான் பழக்கத்தை உண்டாக்கியது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி. இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் ஏற ஏறப் புள்ளியும் ஏறும். புள்ளி கேட்ட இடத்தில் புள்ளி தரும் இதழ்கள் முளைத்தன. பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வெளிவரும். யாரும் கேள்விப்படாத ஏதோ ஓர் அமைப்பு கொடுத்த போலி இம்பாக்ட் ஃபேக்டர் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். 2019-இல் 'கேர்' என்ற ஏற்கப்பட்ட இதழ்ப் பட்டியல் வந்து, 2025-இல் கைவிடப்பட்டது. கல்வி நிறுவனங்களுக்காக 2016-இல் முதல் பட்டியலை வெளியிட்ட என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை, கட்டுரையையும் மேற்கோளையும் வணிகத் தளங்களிலிருந்து எடுக்கத் தொடங்கிய பிறகு கல்லூரித் தாழ்வாரப் பேச்சே மாறிவிட்டது. 'என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள்?' என்று கேட்டவர்கள் 'ஸ்கோபஸ் பேப்பர் எத்தனை?' என்று கேட்கிறார்கள். முப்பது வயது உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் பாடமும் எடுத்து, ஆண்டுக்கு இத்தனை பேப்பர் என்ற இலக்கையும் சுமக்கும்போது, நூலகத்துக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி எந்த இதழ் சீக்கிரம் போடும் என்பதாக இருக்கிறது. அவரைக் குறைசொல்ல மனம் வராது.

பிடிக்கும் வலைகளும் கூடவே வளர்ந்தன. ஜான் அயோனிடிஸ் குழுவினர் 2019 முதல் வெளியிட்டுவரும் பட்டியல் சுயமேற்கோளைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு வரிசை தருகிறது. இரண்டுக்கும் இடையே ஒருவரின் இடம் எவ்வளவு சரிகிறது என்பதே பயனுள்ள தகவல். செய்தித்தாளில் 'உலகின் முதல் 2 விழுக்காட்டு விஞ்ஞானி' என்று வருவது இந்தப் பட்டியல்தான். அதில் வாழ்நாள் கணக்கு ஒன்றும் ஓராண்டுக் கணக்கு ஒன்றும் தனித்தனியே உண்டு என்பதைச் செய்தி சொல்வதில்லை.

எண்ணிக்கை பெருகுவது பாராட்டாகவே இருக்கும் என்பதும் சரியில்லை. எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-இல் எழுதி, 2010-இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைச் சுட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை 2019-இல் ஒரு குழு படித்துப் பார்த்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அதை மறுக்கவே சுட்டியிருந்தன. எண்ணும் பொறிக்கு மறுப்பும் ஒன்று, ஏற்பும் ஒன்று. எந்த மேற்கோள் எது என்று பிரிக்க அந்த வாக்கியங்களை ஆள் வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

எண்ணில் விழாமலே போகும் செல்வாக்கு இன்னும் பெரிய பகுதி. ராமன் ஆய்வுக் கழகத்தில் இருபத்திரண்டு வயதில் எஸ். பஞ்சரத்தினம் 1956-இல் ஒளியின் தளவிளைவு பற்றி எழுதிய கட்டுரை இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வந்தது. அவர் 1969-இல், முப்பத்தைந்து வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். 1984-இல் மைக்கேல் பெரி, குவாண்டம் இயற்பியலில் வடிவியல் கட்டம் என்ற கருத்தை முன்வைத்துப் புகழ்பெற்றார். அதன் முன்னோடி பஞ்சரத்தினத்தின் கட்டுரை என்பதை ராமசேஷனும் நித்யானந்தாவும் 1986-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எடுத்துக்காட்டினார்கள். பெரி அதை முழுமனதோடு ஏற்று மறு ஆண்டே எழுதினார். இன்று 'பஞ்சரத்தினம்-பெரி கட்டம்' என்ற பெயரே வழங்குகிறது. கட்டுரை வெளிவந்து முப்பது ஆண்டு. அவர் உயிரோடிருந்த பதிமூன்று ஆண்டில் எந்தக் குழு எந்த எண்ணை எடுத்திருந்தாலும் இதன் மதிப்பு தெரிந்திருக்காது.

நேரெதிர்ச் சிக்கல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனுடையது. அவர் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு 1963-இல் வரைந்த படம், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டியது. உலகில் எந்த ஆய்வகம் புரதக் கட்டமைப்பைத் தீர்த்தாலும் அது சரியா என்று பார்க்க 'ராமச்சந்திரன் பிளாட்' போட்டுப் பார்க்கிறார்கள். மென்பொருள் தானாகப் போட்டுத் தருகிறது. கட்டுரையில் அந்தப் பெயரை எழுதுகிறார்கள். 1963-ஆம் ஆண்டுக் குறிப்பை அடியில் போடுவதில்லை. பெயர் பொதுச்சொல்லாகிவிட்டால் மேற்கோள் நின்றுவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அச்சுத் தொகுதியில் அந்த ஒரு வரியைத் தேடி எண்ணியவர்களுக்குக் கிடைத்த எண், உண்மையான பயன்பாட்டின் ஒரு சிறு துண்டு.

தமிழ்த்துறைப் பேராசிரியருக்கு இந்தப் பொறி இன்னும் குருடு. ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட தொல்தமிழ்க் கல்வெட்டு நூலைத் தமிழ்ப் புத்தகங்களும் ஆய்வேடுகளும் அகழாய்வு அறிக்கைகளும் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. அவற்றில் பெரும்பகுதி எந்த மேற்கோள் தளத்திலும் ஏறுவதில்லை. பாடவேறுபாடு பார்த்துச் செம்பதிப்புச் செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவருக்குத் திரை காட்டுவது பூஜ்யம். அதைக் கொண்டுபோய் இயற்பியல் துறையின் எண்ணோடு ஒரே படிவத்தில் வைக்கிறார்கள். இதழின் எண்ணை வைத்து ஆளை எடைபோடக்கூடாது என்று 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கையும், உள்நாட்டு மொழி ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்று 2015-இல் லைடன் அறிக்கையும் சொல்லியிருக்கின்றன. பல நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. படிவங்கள் மாறுவதற்கு அதைவிட அதிக காலம் பிடிக்கிறது.

கவனமாகக் கணக்கெடுப்பவர் இப்போது செய்வது இவ்வளவு. முதலில் ஆய்வாளரிடமிருந்தே கட்டுரைப் பட்டியலை வாங்கி, பெயரின் எல்லா வடிவங்களையும் கேட்டு எழுதிக்கொள்வார். ஒரு தளத்தோடு நிற்காமல் இரண்டு தளங்களில் எடுத்து, சுயமேற்கோளைத் தனிப் பத்தியில் காட்டுவார். எண்ணை அதே துறையின், அதே ஆண்டின் சராசரியோடு மட்டும் ஒப்பிடுவார். அதிகம் சுட்டப்பட்ட மூன்று நான்கு கட்டுரைகளுக்கு, சுட்டியவர்கள் என்ன எழுதினார்கள் என்பதைத் திறந்து படித்து, ஒன்றிரண்டு வாக்கியம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பார். முறையைக் கடன் வாங்கினார்களா, முடிவை ஏற்றார்களா, மறுத்தார்களா, முன்னுரையில் பத்துப் பெயரோடு பதினொன்றாகப் போட்டார்களா என்பது அங்கேதான் தெரியும். அறிக்கையின் மற்றப் பக்கங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனால் இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகும். கடைசியில், கணக்கெடுத்த தேதியையும் தளங்களின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மறுவாரமே எண் மாறியிருக்கும்.